மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவே

புதுக்கோட்டைச் சீமையில் கோயில் திருவிழா என்றால் நாடகம். நாடகம் என்றால் பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வழியில் இன்றும் நடந்துவரும் நாடகம் அது. நாரதர், வேலன், வள்ளி, பபூன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தமாகி, வெவ்வேறு ஊரிலிருந்து நேரே மேடைக்கு வந்து சேருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது!

புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா பாய்ஸ் கம்பெனியில் பாடிப் பழகிய நாளில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடுவது நடிகரின் பொறுப்பு. தொண்டைதான் மூலதனம். இன்று அந்தப் பொறுப்பில் பாதி, மேடை ஓரத்தில் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மைக் செட்காரரின் தலையில் விழுந்திருக்கிறது. அவர் ஒரு கம்பியை மாற்றிச் சொருகினால் போதும், வள்ளியின் பாட்டு கரகரவென்று உடைந்து போகும். கூட்டம் சும்மா இருக்குமா?

மாற்றிச் சொருகுவதற்கு வெகுவாக இடம் கொடுக்கும் சாமான் ஒன்று உண்டு. அதுதான் தனியாக விற்கும் பிரி-ஆம்ப். மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் சிறு பெட்டி. (மிக்ஸர் என்றதும் பலகாரக் கடை ஞாபகம் வந்தால், அது இதுவல்ல, பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலந்து கொடுக்கும் பலகை.)

மைக் தரும் மின்சாரம் வெகு சொற்பம், சில மில்லிவோல்ட்தான். அதைச் சுமார் ஒரு வோல்ட் அளவுக்குத் தூக்கிவிட்டால்தான் மற்றக் கருவிகள் அதைக் கையாள முடியும். இந்த முதல் பெருக்கலே பிரி-ஆம்பின் வேலை. சில சமயம் ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் சேரும் இரைச்சல், குரலோடு குரலாக வளர்ந்துகொண்டே போகும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது லேசான காரியமல்ல. நல்ல பிரி-ஆம்புக்குத் தனியே பணம் செலவழிப்பது இதற்காகத்தான்.

ஆனால் மிக்ஸருக்குள்ளேயே ஒரு பிரி-ஆம்ப் இருக்கிறதே! மைக் சொருகும் மூன்று முள் துளைக்குப் பின்னால் அது காத்திருக்கிறது. வெளிப்பெட்டியின் கம்பியையும் அதே துளையில் சொருகினால், மாமியார் உப்புப் போட்ட குழம்பில் மருமகளும் உப்புப் போட்ட கதைதான். ஏற்கெனவே பெருகி வந்த ஒலி மறுபடி பெருக்கப்பட்டு உடைகிறது. கெயின் திருகைக் குறைத்துச் சமாளித்தாலும், காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் குணம் மிக்ஸரின் பிரி-ஆம்ப் வழியாகவே வெளியே வருகிறது. அப்புறம் அதை வாங்கியதில் என்ன லாபம்?

சொருக வேண்டிய இடம் 'லைன்' என்று எழுதிய கால் அங்குலத் துளை. சில மிக்ஸர்களில் இரண்டும் ஒரே துளையாக இருக்கும். சுற்றிலும் மைக்கின் மூன்று முள்ளுக்கு இடம், நடுவில் கால் அங்குல ஜாக்குக்கு இடம். லைன் வழியிலும் கெயின் திருகு வேலை செய்யும் மிக்ஸர்கள் ஏராளம். ஆகவே அதை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குவது நல்லது.

'இன்சர்ட்' என்ற துளை இருந்தால் இன்னும் நேர்வழி. உள் பிரி-ஆம்பை முழுவதும் ஒதுக்கிவிடலாம். ஆனால் அது ஒரே துளையில் போக்கும் வரவும் உள்ள வழி. பெரும்பாலான மிக்ஸர்களில் ஜாக்கின் நுனி வெளியே அனுப்பும். நடு வளையம் உள்ளே வாங்கும். சாதாரண மோனோ ஜாக்கை முழுவதும் சொருகினால் வளையம் எர்த்தோடு சேர்ந்து, சத்தமே வராது. பிரி-ஆம்பின் ஒலியை வளையத்தில் சேர்த்துப் பற்றவைத்த கம்பி வேண்டும்.

அடுத்தது பான்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் சமாசாரம். கண்டென்சர் மைக்குக்கு உயிர் கொடுப்பது இது. 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி நார்வே வானொலிக்கு மைக் செய்து கொடுத்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கே உலகெங்கும் நிலைத்துவிட்டது. தனி பிரி-ஆம்ப் வைத்தால் இந்த மின்சாரத்தை மைக்குக்கு அதுதான் கொடுக்க வேண்டும். மிக்ஸரின் மூன்று முள் துளையிலிருந்து 48 வோல்ட் பிரி-ஆம்பின் வாய்க்குள் எதிராகப் பாய்ந்தால் பெட்டி பழுதாகக்கூடும். சிறு மிக்ஸர்களில் எல்லாத் துளைக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் இருப்பதால் ஆபத்து அதிகம். லைன் துளையில் அந்தப் பயம் இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மைக் கம்பியிலேயே கோக்கும் சிறு பூஸ்டர், மிக்ஸரின் 48 வோல்ட்டை உண்டுதான் இயங்கும். அது ஓரளவே தூக்கிவிடும். ஆகவே மைக் துளையில்தான் சேர வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

திடலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி முழங்கும் இடத்துக்கு விலையுயர்ந்த பிரி-ஆம்ப் வீண் செலவு. மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்கு ஏற்றிய கஞ்சிராவின் மெல்லிய கும்கியைப் பதிவு செய்ய வேண்டுமானால் சங்கதி வேறு.

ஒத்திகை இல்லாத மேடையில் கெயின் அளவை எப்போது பார்ப்பது? முதலில் வருகிறவர் பபூன். அவர் கத்திச் சிரிக்கவைக்கும் அந்த நேரமே பரீட்சை நேரம். அவருடைய உரத்த குரலுக்குச் சிவப்பு விளக்கு எரியாதபடி பிரி-ஆம்பைத் திருகி, மிக்ஸரின் ஃபேடரைப் பூஜ்யக் கோட்டில் நிறுத்திவிட்டால், நாரதர் உச்ச ஸ்தாயியில் நுழையும்போது சின்னத் திருத்தத்தோடு போய்விடும். விடிந்து நாடகம் முடிந்ததும் முதலில் அணைக்க வேண்டியது பவர் ஆம்ப்ளிபயர். அதற்குப் பிறகே மிக்ஸரும் பிரி-ஆம்பும். முறை மாறினால் 'டப்'பென்ற வெடிச் சத்தம் ஸ்பீக்கரைப் பதம் பார்த்துவிடும்.