மணி நம்மை மறந்துவிட்டதா?

பொங்கல் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்த என் மகள், பையை வாசலிலேயே போட்டுவிட்டு அழுதாள். "அப்பா, மணிக்கு என்னை அடையாளமே தெரியலைப்பா!" மணி எங்கள் வீட்டு நாய், பதினான்கு வயது. சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனிச் சில நாட்களே என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வாயிற்கதவருகே நின்று அவள் கூப்பிட, மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் வயதான நாய் இருந்தால், இந்த வருத்தம் உங்களுக்கும் வரக்கூடும். மணி உண்மையிலேயே மறந்துவிட்டதா?

முதலில் கண்ணைப் பார்ப்போம். விழிலென்சில் வாழ்நாள் முழுவதும் புதிய இழைகள் அடுக்கடுக்காக வளர்கின்றன. பழைய இழைகள் நடுவில் நெருக்குண்டு இறுகுகின்றன. அங்கே ஒளி சிதறுவதால்தான் கிழநாயின் கண் நீலம் பூத்தாற்போல் தெரிகிறது. இது கண்புரை அன்று. பார்வை முற்றும் போய்விடாது. மங்கிய ஒளியில்தான் தடுமாறும். மகள் வந்ததோ அந்தி நேரம்.

அடுத்தது காது. நமக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் கைத்தடியில் ஊதல் ஒன்றைப் பொருத்தி, தெருவில் நடந்துகொண்டே ஊதிப் பார்த்ததை 1883இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். மனிதருக்குக் கேட்காத ஒலிக்குச் சிறு நாய்கள் திரும்பிப் பார்த்தனவாம்! முதுமையில் உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. என் தடித்த குரலுக்குத் தலை தூக்கிய மணி, மகளின் மெல்லிய குரலுக்குத் தூக்காததற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஆனால் நாயின் உலகம் மூக்கில் இருக்கிறது. நம் மூக்கில் உள்ள மணவுணர் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கும்போது அது விடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், எதிரிலுள்ள மணம் கலைவதில்லை. முதுமையில் மூக்கும் தளரும். ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான்.

மண மூலக்கூறுகள் விரவல் மூலம் பரவுவது மிக மெதுவாகத்தான். தொலைவுக்கு அவற்றைச் சுமந்து செல்வது காற்றோட்டமே. அன்று காற்று மணியிடமிருந்து வாசலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது! மகளின் மணம் அதை எட்டவே இல்லை.

"கிட்டப் போய் உட்கார். பவுடர் எதுவும் பூசாதே. திடீரென்று தொடாமல், மூக்கருகே கையை நீட்டு" என்றேன். நீட்டினாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாசி அசைந்தது. வால் இரண்டு முறை தரையில் தட்டியது.

மணி சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. நாயின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். மெலிந்த உடலிலிருந்து சிமெண்டு வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும். சாக்கின் இழைகளுக்கிடையே சிக்கிய காற்றோ அரிதிற் கடத்தி. மகள் இரண்டு சாக்குகளை மடித்துப் போட்டாள்.

வேதனை தாங்க முடியாத நாய்க்கு மருத்துவர் மயக்க மருந்தை மிகுதியாகச் செலுத்துவதுண்டு. முதலில் தூக்கம், பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். மணிக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டது.

கண்கள் திறந்தே இருந்தன. "வலிச்சிருக்குமாப்பா?" என்றாள். இமையை மூடி வைப்பது தசையின் வேலை. தசை தளர்ந்தால் இமை முழுதும் மூடாது, அது வலியின் அடையாளம் அன்று என்றேன்.

கொல்லையில் மூன்றடிக்கு மேல் தோண்டினோம். மேலாகப் புதைத்தால் தெருநாய்கள் மோப்பம் பிடித்துக் கிளறிவிடும். சாக்குகளையும் உடன் வைக்கச் சொன்னாள். வைத்தோம்.