லாரிக்கு ஒன்றாக வெடிக்கும் தார்ச்சாலை

தார்ச்சாலை வெடிப்பதற்குப் பாரவண்டிகளையும் மழையையும் வெயிலையும் காரணம் காட்டுவது வழக்கம். அவை உண்மையான காரணங்களே என்றாலும், போட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன சாலையில், ஜல்லி பெயர்ந்தும் வலைபோல் விரிசல் விட்டும் காணப்படும் திட்டுகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருமானால், அந்த விளக்கம் போதாது. மழை எல்லா இடத்திலும் ஒன்றாகவே பெய்கிறது, வண்டியும் தன் எடையைக் குறைக்காமலே சாலை முழுவதையும் கடக்கிறது. அந்த இடைவெளியை அளந்து பார்த்தால், ஒரு லாரிக் கலவை எவ்வளவு தூரத்துக்கு விரிக்கப்பட்டதோ அந்த நீளத்தோடு பெரும்பாலும் அது ஒத்துப்போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990-களின் நடுவில் பொறியாளர்கள் ஆராயப் புகுந்தது இந்த ஒழுங்கான சேதத்தைத்தான்.

பெரிய ஜல்லி ஒருபுறமும் பொடி ஒருபுறமுமாகக் கலவை பிரிந்துபோவதே இதற்குக் காரணம் என்பது அதுவரை பலரும் கொண்டிருந்த எண்ணம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1996-இல் முடிந்த ஒரு முதுகலை ஆய்வு, கட்டுமானத்தின்போது கலவையில் ஏற்படும் வெப்ப வேறுபாட்டின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. அதைத் தொடர்ந்து 1998-இல் அம்மாநிலப் போக்குவரத்துத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வெப்பத்தை நிறமாகக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவைச் சாலை போடும் இடத்துக்கே கொண்டுசென்றன. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்த புதிய தளம், கேமராவில் குளிர்ந்த திட்டுகளும் சூடான பரப்புமாகப் பிரிந்து தெரிந்தது. அத்திட்டுகளின் கலவையைச் சோதித்தபோது, ஜல்லியின் அளவு விகிதத்திலோ தாரின் அளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் கலவைக்குள் சிக்கிய காற்றிடம் மட்டும் கூடுதலாக இருந்தது.

குளிர்ந்த திட்டு பிறக்கும் இடம் லாரியின் தொட்டி. கலவை ஆலையில் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏற்றப்படும் கலவை, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் ஆதலால், ஆறும் களியின்மேல் ஏடு படிவதுபோல மேற்புறத்திலும் தொட்டியின் ஓரங்களிலும் இறுகிக் குளிர, நடுப்பகுதி மட்டும் சூடு குறையாமல் இருந்துவிடுகிறது. தூரம் கூடினாலும் காற்று வீசினாலும் இரவுக் குளிர் சேர்ந்தாலும் இந்த ஏடு தடிக்கிறது. பணியிடத்தில் டிப்பர் தன் சுமையைக் கொட்டும்போது, தளத்தை விரிக்கும் பேவர் இயந்திரத்தின் முன்தொட்டியில் குளிர்ந்த கலவை இரு ஓரங்களிலும் ஒதுங்குகிறது. ஒரு லாரி காலியானதும் அடுத்த லாரி வருவதற்குள், அத்தொட்டியின் இறக்கைகளை மடக்கி ஓரத்தில் தங்கியதை உள்ளே தள்ளுவது பல இடங்களில் வழக்கம். அப்படித் தள்ளப்பட்ட ஆறிய கலவை, ஒரு லாரிச் சுமை முடிந்து மறு சுமை தொடங்கும் இடத்தில் மொத்தமாகத் தளத்தில் விழுகிறது. லாரிக்கு ஒரு திட்டு என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

சூடான தார், ஜல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருங்கி உட்கார இடம்கொடுக்கிறது. ஆற ஆற அது இறுகி, ஏறத்தாழ 80 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் பயன் அதிகமில்லை. அடுக்கு மெல்லியதாக இருந்தால் இந்த அவகாசம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். தடிப்பு இரு மடங்கானால் ஆறும் நேரம் இரு மடங்குக்கும் மேலாக நீளும். பக்கத்துப் பரப்பு நன்கு அழுந்தும் அதே வேளையில், ஏற்கெனவே ஆறிப்போன திட்டு அழுந்தாமல் நின்றுவிடுகிறது.

அழுந்தாத இடத்தில் மிஞ்சும் நுண்துளைகளின் வழியே நீரும் காற்றும் உட்புகுகின்றன. ஆக்சிஜன் பட்டுத் தார் விரைவில் முதிர்ந்து நெகிழ்வை இழக்கிறது. நீர் தாருக்கும் ஜல்லிக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. மழை நின்று சாலை முழுவதும் உலர்ந்த பிறகும் இத்திட்டுகள் மட்டும் ஈரம் கோத்துக் கறுத்துக் கிடப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். சக்கரம் ஏறும்போதெல்லாம் வளைந்து நிமிர வேண்டிய தளம், முதிர்ந்து உடையும் தன்மை பெற்றபின் விரிசல் விடுகிறது, விரிசல் குழியாகிறது. காற்றிடம் 7 விழுக்காட்டைத் தாண்டிக் கூடும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் சாலையின் ஆயுள் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது 1989-இல் வாஷிங்டன் மாநில அனுபவத்தையும் உள்ளடக்கி வெளியான ஆய்வொன்றின் மதிப்பீடு. இன்றும் பொறியாளர்கள் அதைக் கைக்கணக்காகக் கொள்கிறார்கள். நேற்றுப் போட்டு ஆறிய பாதியோடு இன்று போடும் சூடான பாதி சேரும் நீளவாக்கு இணைப்பிலும் இதே குறை நேர்வதால்தான், பல சாலைகளின் நடுவே நீண்ட கோடாக வெடிப்பு ஓடுகிறது.

வாஷிங்டன் ஆய்வுகள் 25 பாரன்ஹீட், அதாவது சுமார் 14 செல்சியஸ் டிகிரி வேறுபாட்டை எச்சரிக்கை எல்லையாகக் கொண்டன. வேறுபாடு இருந்த எல்லா இடமும் கெட்டுவிடவில்லை என்பதும் அவற்றில் தெரியவந்தது. ரோலர் பேவரை ஒட்டியே தொடர்ந்து ஓடிய பணிகளில், குளிர்ந்த இடமும் சில வேளை போதிய அளவு அழுந்தியது. லாரியைத் தார்ப்பாயால் மூடுவதும், தொட்டியின் இறக்கைகளை அடிக்கடி மடக்காதிருப்பதும் செலவு அதிகமில்லாத வழிகள். லாரிக்கும் பேவருக்கும் இடையே நின்று கலவையை வாங்கி மீண்டும் கிளறித் தரும் கைமாற்று வண்டி விலையுயர்ந்தது, ஆனால் ஏட்டை உடைத்துச் சூட்டைச் சமனாக்குவதில் அதன் பயன் பெரிது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 2009-ஆம் ஆண்டு விதிமுறை, விஜி-30 வகைத் தாரால் ஆன கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரியும், ரோலர் ஓட்டும்போது குறைந்தது 90 டிகிரியும் இருக்க வேண்டும் என்கிறது. இத்தகைய கீழ்வரம்பு இன்றியமையாதது. ஆயினும் லாரியின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பவருக்கு ஓரத்தில் படிந்த ஏடு தெரிய வழியில்லை, அங்கங்கே தற்செயலாகத் தேர்ந்து எடுக்கும் அடர்த்திச் சோதனையும் திட்டுகளைத் தவறவிடக்கூடும். அதனால்தான் வாஷிங்டனில் குளிர்ந்த இடத்தை முதலில் கண்டறிந்து, அடர்த்தியை அங்கேயே அளக்கும் முறை வந்தது. டெக்சாஸ் மாநிலம் பேவரின் பின்புறத்தில் அகச்சிவப்பு உணரிகளைப் பொருத்தி, தளம் முழுவதன் வெப்பத்தையும் தொடர்ந்து பதிவுசெய்கிறது. அங்கு 25 முதல் 50 பாரன்ஹீட் வரையிலான வேறுபாடு மிதமான குறையாகவும், அதற்கு மேற்பட்டது கடுமையான குறையாகவும் கணக்கிடப்படுகிறது. பேவரை இயக்குபவர் அந்தப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே, தளம் ஆறுவதற்கு முன் குறையைத் திருத்த முடிகிறது.