மாற்றி எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

டேலி, ஸோஹோ புக்ஸ், ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற வணிக மேலாண்மை மென்பொருள்கள் எல்லா வியாபாரத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைக்கோ நெல்லின் ஈரப்பதக் கழிவும் தவிடு, உமி விற்பனையும் ஒரே கணக்கில் வர வேண்டும். பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்குக் கமிஷனும் இறக்குகூலியும் கழித்த சிட்டை வேண்டும். இதற்காகப் பொது மென்பொருளில் தனி நிரல் சேர்ப்பதைத்தான் ‘கஸ்டமைஸ் செய்வது’ என்கிறார்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையிலேயே ஸோஹோ நிறுவனம் இயங்கும் பகுதி இது. மென்பொருள் இங்கே புதிதல்ல. அதை மாற்றி எழுதும்போது எழும் உரிமைச் சிக்கல்கள்தான் பலருக்கும் தெரியாதவை.

மென்பொருளின் அமைப்புகளைத் திருத்துவது வேறு, நிரல் எழுதிச் சேர்ப்பது வேறு. வரி விகிதம், பில் எண் வரிசை, யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி ஆகியவற்றை அமைப்புகளிலேயே மாற்றிக்கொள்ளலாம். இவற்றையும் நிரலுக்குள் புதைத்தால் தொல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று நெய், பாக்கெட் மிக்சர் ஆகியவற்றின் சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 12 என்ற எண்ணை நிரலிலேயே எழுதி வைத்திருந்தால், நிரலைத் திருத்தும் வரை பில் தப்பாகவே வரும். மென்பொருளை மாற்றியமைப்பதில் பெரிய நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி தன் பழைய நடைமுறைக்கு ஏற்ப ஆரக்கிள் மென்பொருளை மாற்றியமைத்து 2022 ஏப்ரலில் தொடங்கியது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதி குளறுபடியானது. செலவு பல மடங்கு பெருகியது.

உரிமை விஷயத்தில்தான் இழப்பு அதிகம். டேலிக்கான கூடுதல் நிரல்கள் டி.டி.எல். என்ற மொழியில் எழுதப்படுகின்றன. எழுதியவர் டி.சி.பி. என்ற தொகுத்த கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். அதை இயக்க முடியும். திறந்து திருத்த முடியாது. மூல நிரல் அவர் கையிலேயே தங்கிவிடும். டேலியின் புதிய பதிப்பில் அந்தக் கோப்பு ஒத்துழைக்காவிட்டால் அவர் கேட்பதுதான் கூலி. அவர் தொழிலை விட்டுவிட்டால் அதுவும் இல்லை. முழுப் பணமும் கொடுத்தாயிற்று, நிரல் நம்முடையது என்று வியாபாரி நினைப்பது இயல்பே. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதிய நிரல், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் கூலிக்கு எழுதினால் எழுதியவருக்கே சொந்தம். உரிமையை மாற்றித் தர அவர் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே அது செல்லும். ஆகவே உரிமை மாற்றம், அதன் காலம், மூல நிரல் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இடம்பெறுவது கட்டாயத் தேவை.

மென்பொருளின் திருட்டுப் பதிப்பின் மேல் நிரல் எழுதித் தருவோரும் உண்டு. தெரிந்தே அதைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு பதிவையும் எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தைக் கணக்கு மென்பொருள் சேமிக்க வேண்டும்; அதை அணைக்கும் வசதி இருக்கக்கூடாது. ‘தடம் தெரியாமல் செய்து தருகிறேன்’ என்பவரின் வேலை தணிக்கை அறிக்கையில் அகப்படும்.

நிரலைப் போலவே தரவையும் காக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. கடைக் கணினிக்கு அருகிலேயே வைத்த பேக்கப், அப்படிப்பட்ட நாளில் கணினியோடு சேர்ந்தே நனையும். வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். எனிடெஸ்க் போன்ற தொலை இணைப்பு மென்பொருள் வழியாகக் கணினிக்குள் வருபவருக்கு நிரந்தரக் கடவுச்சொல் தரக்கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மென்பொருள்காரரிடம் வாடிக்கையாளர் தரவு கசிந்தாலும் வியாபாரியே பொறுப்பு. அதன் முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் அமலாகின்றன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.

பணம் வாங்கியவர் வேலையை முடிக்காவிட்டால், பிழைப்புக்காகச் சொந்தமாகக் கடை நடத்துபவர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை; 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். லாபத்துக்காகத் தொழில் நடத்தும் கம்பெனிகளுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டது. தொழில் நடைமுறைக்காக மென்பொருள் வாங்கிய கம்பெனி நுகர்வோர் அல்ல என்று பாலி மெடிக்யூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தகைய கம்பெனிகளுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளில் வணிக நீதிமன்றம் உண்டு. அவசரத் தடையாணை கேட்காதவர்கள் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். நிரலை எழுதியவரே அனுமதியின்றிக் கணினியை முடக்கினால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளில் வரும். சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம்.

இவை எல்லாவற்றுக்கும் கையில் தாள் வேண்டும். இந்த ஆண்டுப் பராமரிப்புத் தொகையைக் கட்டும் முன் மூல நிரலையும் உரிமைப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.