மணிக்கு மெருகு வந்த கதை

2022 நவராத்திரி முடிந்து பத்து நாள் இருக்கும். பரோடாவில் எங்கள் எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு சின்னப் பை. அதற்குள் என் மருமகள் செய்து விற்ற மணிமாலை. "தப்பாக நினைக்காதே பேட்டி. நாலு நாள் கர்பா ஆடினேன். வேர்வை பட்டதும் மணியெல்லாம் பிசுபிசுவென்று கழுத்தில் ஒட்டிக்கொள்கிறது" என்றார். அந்த வாரத்திலேயே இன்னும் நான்கு மாலைகள் திரும்பி வந்தன. விற்றதே மொத்தம் பதினான்கு. மாலை ஒன்று 250 ரூபாய். மருமகள் ஒன்றும் பேசாமல் ஐந்து பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்து மாலைக்கு இத்தனை கவலையா என்று வாசகர்கள் நினைக்கலாம். 2020இல் என் மகன் வேலை பார்த்த தனியார் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவனுக்கு மறுபடி நிலையான வேலை அமைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த நாள்களில் பேத்தியின் பள்ளி வேன் கட்டணம் இந்த மணிகளிலிருந்துதான் வந்தது. என் பென்ஷனில் கொடுக்கிறேன் என்றாலும் மருமகள் கேட்கமாட்டாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "மாமா, இது நமக்குச் சரிப்பட்டு வராது. விட்டுடறேன்" என்றாள். அதுவரை அந்த வேலையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தவன் நான். அப்பா பொன்மலைப் பணிமனைத் தொழிலாளி. நான் டிப்ளமா முடித்து 1982இல் ரயில்வேயில் சேர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றேன். வாழ்நாள் முழுக்க இரும்பைக் கடைவதும் தேய்ப்பதும் அளப்பதுமாக இருந்தவனுக்கு, அவள் முகத்தைப் பார்த்தபோது சும்மா இருக்க முடியவில்லை. "விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட காட்டும்மா" என்றேன். அதன் பிறகு நாங்கள் செய்த தவறுகளையும் கற்ற பாடத்தையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பெண்கள் இந்தக் கைத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள் என்பதால் பயன்படும் என்று நம்புகிறேன்.

இது என்ன மண்?

'பாலிமர் க்ளே' என்ற பெயரில் மண் இருக்கிறதே தவிர, பொருளில் மண் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்கிறோமே, அதே பி.வி.சி.தான். அதன் மாவில் பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் திரவத்தையும் நிறத்தையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு போல ஆக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியில் பொம்மை செய்வதில் புகழ் பெற்ற கேத்தே க்ரூஸே அம்மையாரின் மகள் உருவாக்கிய கலவை ஒன்றை 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கியது. 'ஃபிமோ' என்று இன்று கடைகளில் கிடைப்பது அந்த வழியில் வந்ததுதான்.

மணியாக உருட்டி, ஊசியால் துளையிட்டு, மின் அடுப்பில் சுட வேண்டும். தயாரிப்பாளரைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை சொல்வார்கள். உறையில் போட்டிருப்பதே வேதவாக்கு. குறைவாகச் சுட்டால் மணி உதிரும். தேய்க்கத் தேய்க்கப் பொடியும். அதிகமாகச் சுட்டுக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற காரமான வாயு வரும். அடுப்பின் திருகில் எழுதியிருப்பதை நம்பாமல் தனியாக ஒரு அடுப்பு வெப்பமானி வாங்கி வையுங்கள். எங்கள் அடுப்பு 20 டிகிரி பொய் சொல்லிக்கொண்டிருந்தது! இந்த வேலைக்கு எடுத்த தட்டையும் உருட்டுக் கட்டையையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

முதல் தவறு: பூச்சு

மாலை ஒட்டியதற்குக் காரணம் எளிதில் கிடைத்தது. பளபளப்புக்காக மருமகள் மணிகளின் மேல் நகப்பூச்சு அடித்திருந்தாள். செய்த அன்று கண்ணாடி போல இருந்தது. ஆனால் மணிக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசருக்கும் நகப்பூச்சுக்கும் ஒத்துப்போகாது. வாரங்கள் செல்லச் செல்லப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும்.

"பளபளப்பை மேலே பூசக் கூடாதும்மா, அடியிலிருந்து வரவழைக்கணும்" என்றேன். பணிமனையில் நாங்கள் படித்த முதல் பாடம் அது. பழைய சரக்குப் பெட்டிகளில் அச்சின் ஜர்னல் பகுதி உலோகத் தாங்கியின் மேல் எண்ணெய்ப் படலத்தில் சுழலும். அங்கே கீறல் இருந்தால் படலம் அறுந்து சூடேறி, 'ஹாட் ஆக்ஸில்' என்று வண்டியை நடுவழியில் நிறுத்த வேண்டி வரும். கீறலை எண்ணெயால் மறைக்க முடியாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மணியும் அப்படித்தான். சொரசொரப்பான பரப்பில் பட்ட வெளிச்சம் நாலு பக்கமும் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. கீறல்களைப் படிப்படியாகச் சிறிதாக்கினால் வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது. அதைத்தான் மெருகு என்கிறோம்.

இரண்டாவது தவறு: அவசரம்

இது என் தவறு. மணிமணியாகக் கையால் தேய்க்கப் பொறுமை இல்லாமல், பரணில் கிடந்த பழைய கிரைண்டரை இறக்கி, ஒரு பக்கம் உப்புத்தாள் சக்கரமும் மறுபக்கம் துணிச் சக்கரமும் மாட்டினேன். நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று. முதல் மணி கையிலிருந்து பறந்துபோய்ச் சுவரில் அடித்துச் சமையலறைக்குள் விழுந்தது. "ரிட்டயர் ஆகியும் பட்டறையை விடலையா?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டாவது மணி பறக்கவில்லை. சூட்டில் இளகி ஒரு பக்கம் வழிந்துவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவது தவறு: தூசி

வேகத்தைக் குறைத்து, பிறகு கையாலும், சில வாரங்கள் உலர்ந்த தாளிலேயே தேய்த்தோம். மின்விசிறி ஓடும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். தரையில் மெல்லிய பொடி படியும். மனைவி பெருக்கித் தள்ளுவாள். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

2023 ஜனவரியில், எங்கள் மணிகளோடு சேர்த்துக் கோக்கக் கல்மணி வாங்கலாம் என்று நானும் மருமகளும் ஆனந்த் போய், கிளை ரயிலில் கம்பாத் சென்றோம். பழைய காம்பே துறைமுகம்தான். அகீக் கல்லில் மணி செய்வது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். இதே குஜராத்தில் லோத்தலில் சிந்துவெளிக் காலத்து மணிப் பட்டறையையே அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் கல்மணிகள் செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. முற்காலத்தில் கம்பாத்தில் மணிகளைத் தேய்பொடியும் தண்ணீரும் சேர்த்துத் தோல் பையில் கட்டி, எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுவார்களாம். பின்னாளில் மோட்டார் சக்கரம் வந்தது. வேலை வேகமானது, கூடவே தூசியும் பறந்தது.

நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் புருவம்கூட வெளுத்திருந்தது. பேச்சுக் கொடுத்தபோது, தன் அண்ணன் பல வருடம் இருமியதாகவும், காசநோய் என்று மருந்து சாப்பிட்டதாகவும், கடைசியில் அது கல்தூசியால் வந்த நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டதாகவும் சொன்னார். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். நுரையீரலில் படிந்த சிலிக்காத் தூசி வெளியே வராது. ஏற்பட்ட தழும்பை மாற்ற மருந்தும் இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் அகீக் தொழிலாளர்களிடையே இதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறது.

திரும்பும் ரயிலில் மருமகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "மாமா, பாப்பா பக்கத்துலதானே உட்கார்ந்து எழுதறா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டிக் தூசி கல்தூசி அல்ல. அதில் சிலிக்கா இல்லாவிட்டால் சிலிக்கோசிஸ் வராது என்பது உண்மைதான். ஆனால் எந்த நுண்தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. அதைவிட, தண்ணீரில் தேய்க்கும் தாளைப் பணிமனையில் ஆயிரம் தடவை கையாண்ட நான், வீட்டில் அதை மறந்திருந்தேனே! அன்று போட்ட விதி இன்றும் எங்கள் வீட்டில் உண்டு: ஒரு மணியைக்கூட உலர்வாகத் தேய்க்கக் கூடாது.

நாங்கள் செய்யும் முறை

வாங்க வேண்டியது சாதாரண மர உப்புத்தாள் அல்ல, 'வாட்டர் பேப்பர்'. இங்கே ஹார்டுவேர் கடையில் 'காச் பேப்பர்' என்று பொதுவாகக் கேட்டால் மரத்துக்கானதைத் தந்துவிடுவார்கள். வாட்டர் பேப்பர் என்றே கேளுங்கள். கறுப்பாக இருக்கும், அதில் ஒட்டியிருப்பது சிலிக்கன் கார்பைடு. நீரில் நனைத்தாலும் பிரியாத இந்தத் தாளை ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடிக்க, அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1921இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்த் தொழிற்சாலைகளில் பறந்த தூசி இதனால் குறைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனமும் உராய்வுத் தாள்கள் செய்கிறது.

எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 400ஆம் எண் தாளில் துகள் சுமார் 35 மைக்ரான். 2000ஆம் எண்ணில் சுமார் 10 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். கைரேகை, மேடு பள்ளம் இருந்தால் மட்டும் 400. இல்லையென்றால் 600, 800, 1000, 1500, 2000 என்று போகலாம். நடுவில் ஒரு படியைத் தாண்டினால், முந்தைய தாளின் ஆழமான கீறலை அடுத்த நைஸ் தாளால் எடுக்க முடியாது.

கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். தாளைச் சிறு துண்டாகக் கிழித்து ஊற வையுங்கள். மணியை மூங்கில் குச்சியில் இறுக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் துளையின் போக்கிலேயே நீளவாட்டில் தேயுங்கள். அடுத்த தாளில் குச்சியைச் சுழற்றிக் குறுக்குவாட்டில் தேயுங்கள். பழைய கீறல் எல்லாம் மறைந்து புதிய திசைக் கீறல் மட்டும் தெரிந்தால்தான் அடுத்த தாளுக்குப் போகலாம். உலோகப் பரிசோதனைக் கூடத்தில் இரும்புத் துண்டை மெருகேற்றுவதும் இந்த முறையில்தான்.

ஆனால் ஒன்று: ஈரமான மணி எல்லாம் பளபளக்கும். கீறல்களைத் தண்ணீர் நிரப்பி ஏமாற்றிவிடும். ஒவ்வொரு படியிலும் துடைத்துக் காயவைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தாள் மாற்றும்போது மணியைக் கழுவித் தண்ணீரையும் மாற்றுங்கள். வெளிர் நிற மணிகளை முதலில் தேயுங்கள். இல்லையென்றால் அழுக்கு ஏறும். மேலே தங்கத்தாள் ஒட்டியதையும் மெல்லிய பூவேலை செய்ததையும் தேய்த்தால் வேலைப்பாடே போய்விடும்.

கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் அழுத்தித் தேய்த்தாலே நல்ல மெருகு வரும். கண்ணாடி மெருகு வேண்டுமானால் சிறு கைட்ரில்லில் மெத்தென்ற பருத்திச் சக்கரம் மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கூந்தலுக்கு முடிச்சு, துப்பட்டாவுக்கு விடுமுறை. கோத்த மாலையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது; சுற்றி இழுத்துவிடும்.

தேய்த்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். இரவு முழுதும் வைத்தால் பொடி அடியில் தங்கும். மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு, அடிக்கசடைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

இப்படிச் செய்தால் ஒரு மணிக்குப் பத்து நிமிடமாவது ஆகும். அதனால் மருமகள் எண்ணிக்கையைக் குறைத்து விலையை 600 ஆக்கினாள். "யார் வாங்குவா?" என்று நான் பயந்தேன். 2023 நவராத்திரிக்கு முன், மாலையைத் திருப்பிக் கொடுத்த ஐந்து பேருக்கும் முதலில் புதிய மாலை ஒன்றைக் காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர் வீட்டு அம்மாள் ஒன்பது இரவும் அதைப் போட்டுக்கொண்டு ஆடினார். பத்தாம் நாள் மறுபடி கதவைத் தட்டினார். மருமகள் கொஞ்சம் தயங்கித்தான் திறந்தாள். இந்த முறை அவர் தன் அக்காவையும் அழைத்து வந்திருந்தார். அவருக்கு இரண்டு மாலை வேண்டுமாம்.

மகனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. மருமகள் வேலையை விடவில்லை. மாலையில் இருவரும் பால்கனியில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்காருகிறோம். பேத்தி உள்ளே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நீங்களும் செய்து பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.