மென்பொருள் விற்பனையில் சிறு உற்பத்தியாளருக்குச் சில பாடங்கள்

சரக்கை உற்பத்தி செய்வது ஒரு தொழில். அதை விற்பது மற்றொரு தொழில். தறியில் அமர்ந்து பழகிய நெசவாளரும், தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் விவசாயியும் இவ்வுண்மையை அனுபவத்தில் அறிந்தவர்கள். நேர்த்தியான சேலை அலமாரியில் தேங்குவதையும், சுமாரான சேலை விற்றுத் தீர்வதையும் நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் ஆண்டுதோறும் காண்கிறோம்.

படப்பை வட்டாரத்தில் இப்பொழுது புதியதொரு உற்பத்தியாளர் கூட்டம் தோன்றியுள்ளது. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் பொறியியல் பட்டம் பெற்றுள்ளனர். ஒரகடம் ஆலைகளில் வேலை தேடுவதோடு நில்லாமல், சொந்தமாக மென்பொருள் செய்து விற்க விரும்பிப் பெற்றோரிடம் முதல் கேட்போரும் அவர்களுள் உண்டு. சீட்டுப் பணத்தையோ நகைக் கடனையோ அதில் இடுவதற்கு முன், பெற்றோர் எதை ஆராய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் சங்கங்களின் விற்பனைக்கும் இதனால் பயன் உண்டு.

சரக்கின் தன்மை

மென்பொருள் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி. கடைக்காரரின் கணக்கை எழுதுவதற்கு ஒன்று, ஆலையின் இருப்பைக் காட்டுவதற்கு ஒன்று எனப் பலவகை உண்டு. ஒவ்வொரு சேலைக்கும் பட்டும் உழைப்பும் மீண்டும் தேவைப்படுகின்றன. மென்பொருளையோ ஒருமுறை செய்துவிட்டால் ஆயிரம் பேருக்கு விற்கலாம். ஆயிரத்தோராவது பிரதிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். கிடங்கு வேண்டியதில்லை, அழுகல், கழிவு இல்லை.

இதைக் கேட்டு மயங்கிவிடலாகாது. செய்வதற்கு மூலப்பொருள் வேண்டாத சரக்கை எவரும் செய்யலாம். ஆகவே வாங்குவோர் முன் ஒன்றுக்குப் பத்தாகச் சரக்கு குவிந்து கிடக்கிறது. உற்பத்தியில் மிச்சமாகும் செலவு முழுவதும் வாடிக்கையாளரைத் தேடுவதிலும், கிடைத்தவரைத் தக்கவைப்பதிலும் போய்விடுகிறது.

ஒரு வகையினரையே நம்பலாகாது

நம் மாநிலத்தில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் வரலாறு இங்கு கருதத்தக்கது. ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் நண்பர்களும் 1996-ஆம் ஆண்டில் ‘அட்வென்ட்நெட்’ என்னும் பெயரில் இதைத் தொடங்கினர். தொலைத்தொடர்புச் சாதனங்கள் செய்யும் நிறுவனங்களுக்கு வலையமைப்பை நிர்வகிக்கும் மென்பொருளை விற்பதே அவர்களது தொடக்க காலத் தொழில். 2001-ஆம் ஆண்டை ஒட்டி அத்துறை உலகெங்கும் சரிந்தது. வாங்கும் நிறுவனங்கள் பல மறைந்தன. எஞ்சியவை செலவைச் சுருக்கின. விற்பவரிடம் குற்றம் ஏதும் இல்லாமலே விற்பனை படுத்தது.

நல்ல காலத்தில் சேர்த்து வைத்த பணம் அவர்களிடம் இருந்தது. அதைக் கொண்டு வேறு வகை வாடிக்கையாளரை நாடினர். சாதாரண நிறுவனங்களின் கணினிப் பிரிவினருக்கென ‘மேனேஜ்என்ஜின்’ என்னும் வரிசை 2002-இல் தொடங்கிற்று. சிறு வியாபாரிகளும் பயன்படுத்தத்தக்க ‘ஜோஹோ’ வரிசை 2005-இல் வந்தது. 2009-இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றது. வெளியார் முதலீட்டை நாடாமல் வளர்ந்த இந்நிறுவனம், தன்னைப் பயன்படுத்துவோர் தொகை 10 கோடியைத் தாண்டியதாக 2023-இல் அறிவித்தது. பெரிய வாங்குவோர் சிலரை நம்பிய நிலையிலிருந்து, சிறிய வாங்குவோர் பலரை நம்பும் நிலைக்கு மாறியதே அந்த வளர்ச்சியின் அடிப்படை.

இதன் மறுபக்கத்தை நம் வட்டாரமே கண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதற்கு அருகில் இயங்கிய பாக்ஸ்கான் ஆலையும் மறுமாதமே உற்பத்தியை நிறுத்தியது. ஒரு கொள்முதல் நின்றால் அதைச் சார்ந்த சங்கிலி முழுவதும் அறுபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரே முதலாளியிடம் பாவு வாங்கி அவருக்கே நெய்து கொடுப்பவரின் நிலையும், ஒரே மண்டியில் முன்பணம் பெற்று அங்கேயே காய்களை இறக்குபவரின் நிலையும் இத்தகையனவே.

விலையும் மாதிரியும்

முன்னாளில் மென்பொருளை விற்க ஒருவர் நேரில் செல்வார். பல மாதம் பேச்சு நடக்கும். ஆளுக்கு ஒரு விலை சொல்லப்படும். பெருந்தொகைச் சரக்குக்கே இம்முறை கட்டுப்படியாகும். சிறு விலைச் சரக்குக்கு ஒருவர் பத்துமுறை பஸ் ஏறினால் கிடைக்கும் லாபம் வழிச்செலவிலேயே கரைந்துவிடும்.

ஆகவே சிறு நிறுவனங்கள் வேறொரு முறையைக் கையாண்டன. சரக்கின் பயனையும் விலையையும் இணையத்தில் எல்லோரும் காண எழுதி வைப்பார்கள். வேண்டுபவர் குறித்த சில நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் பணம் கட்டலாம். மேனேஜ்என்ஜின் வகைகளை 30 நாட்கள் இவ்வாறு சோதித்துப் பார்க்க இயலும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விலைப்பலகை செய்த வேலையும் இதுவே. விலை வெளிப்படையாக இருக்குமிடத்தில் பேரம் குறைகிறது, நம்பிக்கை கூடுகிறது.

சேலையை இலவசமாகக் கட்டிப் பார்க்கக் கொடுக்க இயலுமா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். இயலாது, வேண்டியதும் இல்லை. மாதிரியின் பயன் வாங்குபவரின் அச்சத்தைப் போக்குவதாகும். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, சாயம் போகுமா போகாதா என்பவற்றைச் சங்கத்தின் முத்திரையோடு எழுதிக் கொடுத்தால் அவ்வச்சம் நீங்கும். சோதனைக்குக் கொடுப்பது வேறு. கடனுக்கு விற்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதிய சங்கங்களின் பேரேட்டில் நிலுவையே மிகுந்திருக்கும்.

குறை கேட்பதே விளம்பரம்

2010-இல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர் குறைகளைப் பதிந்து தீர்க்க உதவும் தன் மென்பொருளின் விலையை ஒரேயடியாக உயர்த்தியது. அதை வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். ஜோஹோவில் பணிபுரிந்து வந்த கிரீஷ் மாத்ருபூதம் இம்மனக்குறையில் ஒரு வாய்ப்பைக் கண்டார். அவ்வாண்டே ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து சென்னையில் ‘பிரஷ்டெஸ்க்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் அவர்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்வி நிலையம். இந்நிறுவனம் வெளியார் முதலீட்டைப் பெற்று வளர்ந்தது. பின்னர் ‘பிரஷ்வொர்க்ஸ்’ எனப் பெயர் மாறி, 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது.

ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்குபவர், எதனால் மனம் நொந்திருக்கிறார் என்பதை அறிந்த பின்னரே சரக்கைச் செய்தார்கள் என்பது இங்குள்ள பாடம். சரக்கைச் செய்து முடித்துவிட்டு, வேண்டுபவர் எங்கே என்று தேடுவது தலைகீழான முறையாகும்.

தெரிந்த தொழிலே துணை

பெங்களூரில் 1986-இல் தோன்றிய ‘டாலி’யை அறியாத கடைவீதி இல்லை. ஆலைகளுக்குப் பொருள்களும் உதிரிப் பாகங்களும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் வியாபாரக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், கணிதப் பட்டதாரியான மகன் பரத்தைக் கொண்டு ஒன்றைச் செய்வித்தார். தகப்பனாரின் கணக்குப் புத்தகமே மகனுக்குப் பாடப் புத்தகமாயிற்று. பிற்காலத்தில் ஊருக்கு ஊர் முகவர்கள் அதை விற்றனர். அவர்களைவிட மிகுதியாக அதைப் பரப்பியவர்கள், அதில் பழகிய கணக்கர்களே எனலாம். புதிய கடைக்கு வேலைக்குச் சென்ற கணக்கர் தமக்குப் பழகியதையே கேட்பார். முதலாளியும் ‘டாலி தெரிந்தவர் தேவை’ என்று விளம்பரம் செய்வார். பயன்படுத்துபவர் கை பழகிவிட்டால் அவரே விற்பனையாளர் ஆகிவிடுகிறார்.

நம் பிள்ளைகளுக்கும் இத்தகைய வாய்ப்பு உண்டு. ஆலைக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறை, தறிக் கணக்கு எழுதும் சங்கம், காய்கறி ஏற்றும் வண்டிக்காரர் ஆகியோரின் இடர்களைச் சென்னையிலிருந்து வருபவரைவிட அவர்களே நன்கு அறிவர்.

கணக்கு காட்டும் உண்மை

ஓர் உதாரணம் கூறுவோம். மாதம் ரூ.500 கட்டுபவர் 200 பேர் இருந்தால் வரவு ரூ.1,00,000. ஒரே வாடிக்கையாளர் அதே தொகையைக் கட்டினாலும் வரவு அதுவே. ஆனால் அந்த ஒருவர் ஒரு மாதம் தாமதித்தால் சம்பளம் நின்றுவிடும். 200 பேரில் ஒருவர் தாமதித்தால் தெரியவே தெரியாது. அதே சமயம், 200 பேரில் மாதந்தோறும் 10 பேர் விலகினால், புதிதாக 10 பேர் சேர்ந்தால்தான் நின்ற இடத்திலேயே நிற்க இயலும். ஆகையால் விலகுவோரைத் தடுப்பது, புதியவரைச் சேர்ப்பதற்கு ஈடான வேலையாகும். தொலைபேசியை எடுத்துப் பொறுமையுடன் பதில் கூறுபவரின் சம்பளத்தை விற்பனைச் செலவாகவே கருத வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேட்டு வரும் மகனையோ மகளையோ அங்கத்தினர்கள் பின்வருமாறு வினவுவது நலம்.

1. இச்சரக்கு தேவைப்படும் பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் காட்ட முடியுமா? அவர்களோடு அமர்ந்து பேசியதுண்டா?

2. இன்று அவர்கள் இவ்வேலையை எவ்வாறு செய்துகொள்கின்றனர்? அதில் அவர்களுக்குள்ள குறை யாது?

3. வரவில் கால் பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும் நிலை உண்டாகுமா?

4. விலை வெளிப்படையானதா, ஆளுக்கு ஆள் மாறுவதா?

5. விற்ற மறுநாள் வாடிக்கையாளர் அழைத்தால் பதில் கூறுபவர் யார்?

6. வரவு ஏதும் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை இல்லையெனில், பெட்டியிலுள்ள நகை அங்கேயே இருக்கட்டும். பிள்ளையை மறுத்து அனுப்ப வேண்டியதில்லை. பத்துப் பட்டறைகளுக்குச் சென்று விசாரித்து வருமாறு கூறினால் போதும். அதற்கு ஆகும் செலவு பஸ் கட்டணம் மட்டுமே. பணம் கட்டும் முதல் சிலர் கிடைத்த பின்னர் முதலைச் சிறிது சிறிதாக இடலாம்.

இதே ஆறு கேள்விகளையும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நம் சங்கத்தின் விற்பனை குறித்தும் எழுப்ப வேண்டும். கடந்த ஆண்டின் விற்பனைப் பேரேட்டை எடுத்து, வாங்கியவர்களின் பெயர்களையும் தொகைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், மூன்றாவது கேள்விக்கு விடை ஒரு மணி நேரத்திற்குள் கிடைத்துவிடும்.