முருங்கைக் கம்பளியின் மறுபாதி

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நெமிலிச்சேரியின் கொல்லைப்புறங்களில் முருங்கை மரத்தடிக்குப் பிள்ளைகளை விடமாட்டார்கள். வெளிவட்டச் சாலை வந்து, சுற்றுவட்டார வயல்கள் மனைகளாகிவிட்டன. முருங்கை மட்டும் போகவில்லை. அதன் கம்பளிப்பூச்சியும் போகவில்லை.

அடிமரத்தில் முறம் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு மயிர்த்திட்டு. தள்ளி நின்று பார்த்தால் பட்டை என்றே தோன்றும். நீளக் குச்சியால் தட்டினால் திட்டு முழுவதும் நெளியும். பகலெல்லாம் இப்படி ஒட்டிக் கிடக்கும் புழுக்கள் இருட்டியதும் மேலேறி இலையை மொட்டையடிக்கும், பட்டையையும் சுரண்டும். மயிர் தோலில் குத்தினால் அரிப்பும் தடிப்பும்தான். உடனே திருநீற்றை அள்ளித் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்க்கத் தேய்க்க மயிர் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை வைத்துப் பிய்த்தெடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுவதே மேல்.

இந்தப் புழுவை ஊரே அறியும். இது வளர்ந்து என்னவாகிறது என்று கேட்டால்தான் பதில் வராது. மழைக்குப் பின் வாசல் டியூப்லைட்டைச் சுற்றும் பெரிய அந்துப்பூச்சிகளில் வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பில், இறக்கையில் மங்கிய கோடுகளோடு ஒன்று இருக்கும். அதுதான். யூப்டெரோட் மாலிஃபெரா என்று 1865இல் பெயரிட்டவர் பிரான்சிஸ் வாக்கர். இந்தக் குடும்பத்து அந்துகளுக்கு உறிஞ்சுகுழல் சிறுத்தே இருக்கும். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததுதான் கையிருப்பு. இணைசேர்ந்து, இலையிலும் இளந்தண்டிலும் முட்டைகளைக் கும்பலாக இட்டுவிட்டால் அதன் வேலை தீர்ந்தது. முதிர்ந்த புழு மரத்தைவிட்டு இறங்கி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும்.

முருங்கையில் காணும் புழுவெல்லாம் இதுவல்ல. இலையைச் சுரண்டிக் காகிதம்போல் ஆக்குவது நூர்டா பிளைட்டியாலிஸ். மொட்டைக் குடைந்து உதிர்ப்பது நூர்டா மொரிங்கே. இவற்றுக்குக் கம்பளி கிடையாது.

மயிருக்கு அஞ்சாத எதிரியும் உண்டு. சுடலைக்குயிலுக்குக் கம்பளிப்புழு விருந்து.

தீப்பந்தத்தால் பொசுக்குவது பழைய வழி; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் அது இருக்கிறது. ஆனால் வீடுகள் நெருங்கிய தெருவில், மின்கம்பிக்கு அடியில் அது வேண்டாத வம்பு. அதே பரிந்துரை மழை பெய்ததும் விளக்குப்பொறி வைக்கவும், முட்டைக் குவியலைப் பொறுக்கி அழிக்கவும் சொல்கிறது. கொல்லை முருங்கைக்கு அது போதும். முதல் மழை விட்டதும் எட்டும் கிளைகளின் இலைகளையும் இளந்தண்டுகளையும் புரட்டிப் பாருங்கள். முட்டை இருந்தால் இணுக்கோடு ஒடித்து அழித்துவிடுங்கள்.