பாம் மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஏரிகள் வெடித்துக் கிடக்க, தெருமுனைகளில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைகட்டிய கோடை அது. அடுக்குமாடிகளின் வாசலில் ஜோடி ஜோடியாக நின்ற பாம் மரங்களுக்கும் அந்தக் கோடையில் தாகம் எடுத்தது. அவற்றுக்கு யார் பங்கிலிருந்து ஊற்றுவது என்ற கேள்வியைத்தான் செடி வாங்கும் நாளில் யாரும் கேட்பதில்லை.

பாம் என்றால் எல்லாமே தண்ணீர் குடிப்பவை என்று சொல்லிவிட முடியாது. நம் பனைமரமும் அந்தக் குடும்பம்தான். யாரும் ஒரு செம்பு ஊற்றாமலே ராமநாதபுரத்து வெயிலில் தலைமுறை தாண்டி நிற்கிறது. ஈச்சையும் அப்படித்தான். ஆனால் நர்சரிகளில் அதிகம் விற்கும் அரிகா பாம், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கிழக்கு மடகாஸ்கரின் ஈரக்காட்டுச் செடி. பங்களா வாசலுக்குக் கம்பீரம் சேர்க்கும் ராயல் பாமின் தாயகம் கியூபாவும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும். ஈரமான தாழ்நிலம் அதற்குப் பிடிக்கும். கோயம்புத்தூரின் ஆண்டு மழையோ சுமார் 700 மில்லிமீட்டர்தான், அதுவும் சில மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். பெண் கொடுக்கும்போது ஊர் விசாரிக்கிறோம். மரத்துக்கும் விசாரிக்கலாம். மொரீஷியஸை ஒட்டிய ஒரு சிறு தீவிலிருந்து வந்த பாட்டில் பாம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பாறைகளுக்கிடையே வளர்ந்த ஃபாக்ஸ்டெயில் பாம் இரண்டும் வேர் பிடித்த பிறகு வறட்சியை ஓரளவு தாங்கும்.

ஊர் விவகாரம் இத்துடன் முடியவில்லை. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் ஒரு பகுதி ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி ஏறி வருகிறது. கோதாவரிக் கால்வாய்த் தண்ணீரும் வண்டல் மண்ணும் வலை நிழலும் கண்டு வளர்ந்த செடி அது. திருப்பூரில் சித்திரை வெயிலில் இறக்கி, போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஓலை நுனி கருகத்தானே செய்யும்? கருகியதைப் பார்த்ததும் பலர் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். உப்பும் கூடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு குடியிருப்பில் 40 பாம்கள், கோடையில் தினமும் ஒவ்வொன்றுக்கும் 15 லிட்டர் குடத்தில் இரண்டு குடம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 1,200 லிட்டர். பத்து நாளில் ஒரு 12,000 லிட்டர் தண்ணீர் லாரி காலி. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் பயன்படும் அளவுகோல். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்பது பேரின் பங்கு அந்த வரிசைக்குப் போகிறது. லாரிக்கான பணம் பராமரிப்புக் கட்டணத்தில் கலந்து வருவதால், இது யார் கண்ணிலும் படுவதில்லை.

பெங்களூருவில் பட்டது. 2024 மார்ச்சில் அந்நகரக் குடிநீர் வாரியம், தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அதே மாதத்தில் 22 வீடுகளிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலானது. குடிநீர் வாரியம் ஒன்று நினைத்தால் ஒரே நாளில் தோட்டக்குழாயை மூட முடியும் என்பதற்கு அது சாட்சி.

அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு இதில் என்ன உரிமை? வாசலும் பூங்காவும் பொதுப் பகுதி. அதற்காகும் செலவு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பங்குள்ள செலவு. 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் இந்த அடிப்படையில்தான் சங்கத்தை அமைக்கச் சொல்கிறது. ஆகவே தோட்டத்துக்கு எத்தனை லாரி, எந்த போர்வெல், எவ்வளவு ரூபாய் என்று பொதுக்குழுவில் தனிக் கணக்குக் கேட்பது வம்புக்கு நிற்பது ஆகாது. தோட்டக் குழாய்க்கு 2,000 ரூபாய் சொச்சத்தில் ஒரு மீட்டர் பொருத்தச் சொன்னால் போதும், வாக்குவாதத்தில் பாதி அன்றே அடங்கும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உள்ள பெரிய வளாகங்களில் அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பச் சொல்லலாம். ஆனால் அதன் உப்பு அளவை முதலில் பரிசோதிக்க வேண்டும்; அரிகா பாம் உப்பைப் பொறுக்காது.

வாங்கிய செடி பட்டுப்போனால்? பெரிய ராயல் பாம் ஒன்று ஆயிரக்கணக்கில் விலை போகிறது. நட்ட மூன்றாம் மாதம் குருத்து காய்ந்து நின்றால், “நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை” என்ற ஒற்றை வரியோடு பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். செடியும் ஒரு சரக்குதான். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வாங்குபவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்ப்பது எளிது.

இதில் ஒரு வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விதை சரியில்லை என்று விவசாயிகள் தொடுத்த வழக்கில், ‘விதையை ஆய்வகத்துக்கு அனுப்பி நிரூபித்தார்களா’ என்று தேசிய விதைக் கழகம் கேட்டது. விதைத்துவிட்ட விதையை எப்படிப் பத்திரப்படுத்தி வைத்திருக்க முடியும் என்ற நடைமுறைக் கண்ணோடு பார்த்த உச்ச நீதிமன்றம், விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் தீர்ப்பளித்தது. பாம் வாங்குபவருக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை; செத்த மரம் வாசலிலேயே நிற்கிறது. தேதியோடு படம் எடுத்துவைத்து, பில்லில் செடியின் இனப்பெயரையும் ‘இத்தனை மாதத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தரப்படும்’ என்ற வாக்கையும் எழுதி வாங்கியிருந்தால் வழக்குக்கு வலு. துண்டுச் சீட்டில் ‘பாம் – 4’ என்று மட்டும் இருந்தால் கஷ்டம்தான்.

இன்னொரு வியாபார வசனம் இருக்கிறது: “வீட்டுக் காற்றையே சுத்தம் பண்ணிவிடும் சார்.” இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-ல் நாசா செய்த ஆய்வு காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் அந்தப் பலன் வர, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடியாவது வேண்டும் என்று 2019-ல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. படுக்க இடம் இருக்காது. அரிகா அழகுக்காகப் பிடித்திருந்தால் வாங்கலாம், மருந்தாக நினைத்து வாங்க வேண்டாம்.

தாகத்தைவிடப் பெரிய ஆபத்து பூச்சி வழியாக வரலாம். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்பட்டது. இன்று தென்னை விவசாயிக்கு அது தீராத தலைவலி. தென்னையோடு அலங்கார பாம்களிலும் அது வாழும். அதனால் நர்சரிச் செடியின் ஓலையைத் திருப்பிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றுவது, பக்கத்துத் தோப்புக்குப் பூச்சியை அனுப்புவதற்குச் சமம். அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெள்ளை முட்டைக் கோலம், கீழ் ஓலைகளில் கரும்பூஞ்சை படலம் இருந்தால் அந்தச் செடி வேண்டாம். வந்துவிட்டிருந்தால் மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, ஓலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். கடும் பூச்சிமருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும்.

ராயல் பாமின் முதிர்ந்த ஓலை ஆள் உயரத்தைவிட நீளமானது, மட்டையோடு சேர்த்துப் பல கிலோ கனக்கும், சொல்லாமல் விழும். கார் நிறுத்தும் இடத்தில் அதை நடுபவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் ஓலை எல்லை தாண்டித் தொங்கினால், அவர் நிலத்துக்குள் கால் வைக்காமல் எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளலாம். மரமே சாய்ந்து விழும் நிலையில் இருந்து, சொல்லியும் கேட்கவில்லையென்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, அத்தகைய மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கிறது.

சாலை நடுவே உள்ளாட்சி வைத்த பாம்கள் என்றால் வழி வேறு. எந்த இனம், எத்தனை, என்ன விலை, எத்தனை பிழைத்தன, லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். செலவு தாங்காது என்று யாரும் தாமே வெட்டிவிடக் கூடாது; பொது இடத்து மரங்களை வெட்டுவது மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக்கு உட்பட்டது.

ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பிடுங்கிப் போடவும் தேவையில்லை. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, சில நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனையவிட்டு, தேங்காய் மட்டையாலோ சருகாலோ மூடாக்குப் போட்டால் ஈரம் தங்கும். தண்ணீர் தட்டுப்பாட்டில் உரம் வைக்க வேண்டாம். அழகுக்காகப் பச்சை ஓலைகளைக் கழித்து மொட்டையடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பழைய ஓலையிலிருந்துதான் மரம் சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது, வெட்டுக்காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை அழைக்கிறது. புதிதாக நடுவதென்றால் ஐப்பசி மழைக்கு முன்.

பாமுக்கு மற்ற மரங்களைப் போலப் பிற்பாடு பருக்கும் திறன் கிடையாது. தண்ணீரில்லாத ஆண்டில் தண்டு ஒடுங்கினால், பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் அந்த இடம் நிரம்பாது. நெடிய ராயல் பாம் ஒன்றில் நடுவே இடுப்புப் போலச் சுருங்கிய பகுதி தெரிந்தால், அதன் கீழே வண்டி நிறுத்தும் முன் விவரம் தெரிந்த தோட்டக்கலை அலுவலர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவது நல்லது. பலத்த காற்றில் ஒடிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.